‘வச்சிருங்க’ என்று சொன்னால்

திருச்சி தில்லைநகரில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வேலை பார்க்கிறேன். என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால், “கம்ப்யூட்டருக்குத் தமிழ் சொல்லித் தர்றா” என்பாள் அம்மா. அது பொய்யில்லை. கல்லூரிகளும் ஆஸ்பத்திரிகளும் முன்பு ஆள் வைத்துப் போன் செய்த இடத்தில் இப்போது ஒரு இயந்திரக் குரலை வைத்திருக்கின்றன. குரல் கேள்வி கேட்கும், மக்கள் பதில் சொல்வார்கள். அந்தப் பதில்களை ஹெட்போனில் கேட்டு, இவர் சம்மதிக்கிறார், இவர் மறுக்கிறார், இவர் பேச்சை முடித்துக்கொள்கிறார் என்று ஒவ்வொன்றுக்கும் குறி போடுவதுதான் எனக்கு வேலை. அந்தக் குறிகளைப் பார்த்து இயந்திரம் கற்றுக்கொள்ளும்.

காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் மதியத்துக்குள் காது இரண்டும் சுட ஆரம்பித்துவிடும். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் அறைக்குப் போன பிறகும் முகம் தெரியாதவர்களின் குரல்கள் விடாது. இருமல், குக்கர் விசில், பஸ் ஹாரன், “யாரு பேசறது?” என்ற அதட்டல். யாராவது என்னிடம் நேரில் ஏதாவது கேட்டால்கூட, பதில் சொல்வதற்கு முன் மனதுக்குள் அவர்களுக்கு ஒரு குறி போட்டுவிடுகிறேன்.

பக்கத்து நாற்காலியில் காட்டூரிலிருந்து வரும் அக்கா. இரண்டு பையன்களுக்கு அம்மா. “இந்த மிஷினுக்குச் சொல்லிக் குடுக்கற நேரத்துக்கு என் பசங்களுக்குச் சொல்லிக் குடுத்திருந்தா, ஒருத்தனாவது கணக்குல பாஸாயிருப்பான்” என்பார். தினமும் ஒரு முறையாவது சொல்வார். தினமும் சிரிப்போம்.

இந்த வேலைக்கு என்னை எடுத்ததற்குக் காரணம் என் பேச்சு. முசிறிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பா வாழைத்தார் வெட்டி லாரியில் ஏற்றுபவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் நான் ஒருத்திதான். கல்லூரிக்காக வாங்கிய முதல் பட்டதாரி சான்றிதழ் இன்னமும் பிளாஸ்டிக் உறையில் என் பெட்டியின் மேலாக இருக்கிறது. ஆகவே, கிராமத்துப் பேச்சில் சந்தேகம் என்றால் அலுவலகத்தில் எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு வீடியோ மீட்டிங்கில், இயந்திரத்தைத் தயாரிக்கும் பெங்களூர் நிறுவனத்தின் இன்ஜினியர் ஒரு சொல்லைத் திரையில் காட்டி இதற்கு என்ன பொருள் என்று கேட்டார். ‘வச்சிருங்க.’ எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தபோது நான் மைக்கை ஆன் செய்தேன். “எங்க பக்கம் போன் பேசி முடிக்கறப்ப அப்படித்தான் சொல்வாங்க சார். ‘வைத்துவிடுங்கள்’தான் பேச்சுல ‘வச்சிருங்க’ன்னு ஆயிடுச்சு” என்றேன். வகுப்பு எடுப்பதுபோல இன்னும் இரண்டு உதாரணமும் சொன்னேன். அவர் நன்றி சொன்னார். எங்கள் டீம் லீட், நாங்கள் அண்ணா என்று கூப்பிடுபவர், “கலக்கிட்டீங்கம்மா” என்றார். மறுநாள் இயந்திரத்துக்கான விதிப் பட்டியலில் ஒரு வரி கூடியிருந்தது: ‘வச்சிருங்க: அழைப்பு முடிவு.’ பக்கத்தில், சொன்னவர் என்ற கட்டத்தில் என் இருக்கை எண். கைநாட்டு வைக்கும் வீட்டிலிருந்து வந்தவளின் சொல் ஒரு சட்டம்போல அங்கே உட்கார்ந்திருந்தது. மதிய இடைவேளையில் அதை இன்னொரு முறை திறந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போனேன்.

கல்லூரி சேர்க்கை நேரம் வந்தது. ஒரு தனியார் பாலிடெக்னிக்குக்காக இயந்திரம் பெற்றோர்களை அழைத்துக்கொண்டிருந்தது. ‘உங்கள் மகளுக்கு ஒதுக்கிய இடத்தை உறுதி செய்கிறீர்களா?’ இதுதான் கேள்வி. உறுதி செய்யாத இடங்கள் வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடும். இயந்திரம் சரியாகப் புரிந்துகொண்டதா என்று பார்க்க, சில பதிவுகள் எங்களிடம் வரும். பெயரும் எண்ணும் எங்களுக்குக் காட்டமாட்டார்கள். ஊர் மட்டும் தெரியும்.

அந்த வியாழக்கிழமை மூன்று மணி டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் மருங்காபுரியிலிருந்து ஒரு பதிவு வந்தது. இயந்திரம் கேள்வியைக் கேட்டது. ஒரு அம்மாவின் குரல் கொஞ்சம் தயங்கி, “வச்சிருங்கம்மா” என்றது. “நன்றி, வணக்கம்” என்றது இயந்திரம். திரையில் முடிவு இப்படி இருந்தது: ‘உறுதி செய்யவில்லை. அழைப்பை முடித்துக்கொண்டார்.’

பதிவு அதோடு நிற்கவில்லை. இணைப்பு அறுபடச் சில நொடிகள் ஆகியிருக்கின்றன. ஒரு ஆடு கத்தியது. பிறகு அதே குரல், போனை விட்டுத் தள்ளி:

“சொல்லிட்டேன் பாப்பா. நம்ம சீட்டை வச்சிருப்பாங்க.”

“நெசமாவாம்மா?”

“பொம்பளப் புள்ளதான் பேசுச்சு. நன்றின்னு வேற சொல்லுச்சே.”

மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்கும்போது அப்பாவின் குரல் ஞாபகம் வந்தது. நான் கல்லூரியில் சேரப் போன அன்று அந்த முதல் பட்டதாரி சான்றிதழ் கைக்கு வந்திருக்கவில்லை. அலுவலகத்தில் இருந்தவரிடம் அப்பா துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு சொன்னார்: “சீட்டை வச்சிருங்க சார், நாளைக்கு எடுத்தாந்துடறோம்.” அவர் என் விண்ணப்பத்தைத் தனியாக எடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவைத்தார். நான் படித்ததே அந்தச் சொல்லால்தான். மீட்டிங்கில் இரண்டு உதாரணம் சொன்னவளுக்கு அன்று இது ஞாபகம் வரவில்லை.

மணி மூன்றேகால். பதிவில் தவறு என்று குறி போடலாம். அது பாடத்தில் சேர்ந்து அடுத்த மாதம் இயந்திரம் திருந்தும். அந்தப் பெண்ணின் இடம் இன்று ஐந்து மணிக்குப் போய்விடும். இன்றைக்கே ஏதாவது நடக்க வேண்டுமென்றால் விதியே தவறு என்று சொல்ல வேண்டும். அந்த விதி என்னுடையது.

“என்னடி, கரண்ட் போன டிவி மாதிரி உக்காந்திருக்க?” என்றார் அக்கா. ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் வைத்தேன்.

“அடிப்பாவி, இது போனை வைக்கச் சொல்லலடி, சீட்டை வச்சிக்கச் சொல்லுது.”

“தெரியுதுக்கா.”

“எந்தப் புத்திசாலி இந்த ரூலைப் போட்டது?” என்று பட்டியலைத் திறந்தவர், இருக்கை எண்ணைப் பார்த்ததும் திரையை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “சரி, போய்ச் சொல்லு. நானும் கூட வரேன்.”

அண்ணா பதிவைக் கேட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீங்கதானேம்மா அன்னிக்கு அர்த்தம் சொன்னீங்க?”

“ஆமாண்ணா. பாதிதான் சொன்னேன்.”

“பெங்களூருக்கு மெயில் போட்டுடறேன். நாளைக்குப் பார்ப்பாங்க.”

“அஞ்சு மணிக்கு லிஸ்ட் போயிடும்ணா. மெயில் வேண்டாம், பேசுங்க.”

பேசினார். அந்தச் சொல் வந்த எல்லாப் பதிவுகளையும் மறுபடி கேட்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி நாலரைக்குள் அனுப்பச் சொன்னார்கள். முதல் வரியில் விதி எப்படித் தவறானது என்றும் எழுத வேண்டுமாம். ‘விதியைச் சொன்னது நான். இந்தச் சொல்லுக்கு வைத்திருங்கள் என்றும் பொருள் உண்டு. அதை நான் சொல்லவில்லை’ என்று தட்டினேன். சோர்வாக இருந்தது.

அக்காவும் நானும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். பெரும்பாலானவை நான் சொன்ன பொருளில்தான் வந்திருந்தன. ‘வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன், வச்சிருங்க.’ ‘எங்க வீட்ல பொண்ணே கிடையாது, வச்சிருங்க.’ சிலர் இடத்தைத்தான் வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். முன்னும் பின்னும் எதுவும் இல்லாமல் அந்த ஒரே சொல்லோடு அறுந்த பதிவுகளும் இருந்தன. எழுத்தும் ஒன்று, ஓசையும் ஒன்று. “இதுக்கு ஜோசியக்காரனைத்தான் கூப்பிடணும்” என்றார் அக்கா. அவற்றுக்கு ‘தெரியவில்லை, ஆள் பேசிக் கேட்கவும்’ என்று எழுதினோம்.

இடத்தை வைத்திருக்கச் சொன்னவர்களிடம் கல்லூரி ஊழியர்கள் மறுபடி பேசி உறுதி வாங்கினார்கள். தெரியாதவர்களையும் அழைத்தார்கள். நாலே முக்காலுக்கு அண்ணா என் நாற்காலிக்கே வந்தார். “மருங்காபுரி எடுக்கலம்மா. ரெண்டு தடவ அடிச்சுட்டாங்களாம். எடுக்கலைன்னா விட்டுடச் சொல்லிட்டாங்க.”

போன் அந்த அம்மாவுடையதாக இருக்கும். அவள் ஏதாவது வயக்காட்டில் வேலையில் இருந்திருப்பாள். அவளைப் பொறுத்தவரை அந்த விஷயம் முடிந்துவிட்டது. இரண்டாவது முறை ஏன் காத்திருக்கப் போகிறாள்?

“அவங்க ஏற்கெனவே பதில் சொல்லிட்டாங்கண்ணா. திரும்ப எதுக்குக் கேக்கணும்? கடைசி வரைக்கும் கேட்டீங்களா நீங்க?”

கேட்கவில்லை. முதல் பாதியோடு நிறுத்திவிட்டிருந்தார். நின்றபடியே ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் அந்த அம்மா ‘நன்றின்னு வேற சொல்லுச்சே’ என்கிறாள் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டு, கல்லூரிக்குப் போன் போட்டு, பதிவை ஒலிக்கவிட்டு, போனை ஸ்பீக்கர் அருகில் பிடித்தார். அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் முழுவதும் கேட்டுவிட்டு, “சரிங்க, போட்டுடறேன்” என்றார். ஐந்துக்குச் சில நிமிடம் இருக்கும்போது அந்த வரி ‘இடம் உறுதி’ என்று மாறியது. அக்கா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார்.

விதிப் பட்டியலையும் அன்றே திருத்தினார்கள். ‘வச்சிருங்க: இரு பொருள். ஆள் பேசிக் கேட்கவும்.’ சொன்னவர் கட்டத்தில் என் எண்ணை எடுத்துவிடவா என்று அண்ணா கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, ஜன்னல் ஓரம் இடம் கிடைத்து, காவிரிப் பாலம் தாண்டும்போது அம்மா கூப்பிட்டாள். சாப்பிட்டாயா, ஏன் குரல் கம்மியிருக்கிறது, அப்பா தாரோடு திருச்சிக்கு வருவார், ஏதாவது வேண்டுமா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். “சரி, வச்சிரு” என்றாள். வைக்காமல் இருந்தேன். அவள்தான் துண்டித்தாள்.

மருங்காபுரியில் அந்த அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. கேட்டாள், வைத்திருந்தார்கள். அவ்வளவுதான். அது அப்படியே இருக்கட்டும். ‘தெரியவில்லை’ என்று நாங்கள் எழுதியவர்களில் இரண்டு பேர் மட்டும் கடைசிவரை போனை எடுக்கவில்லை. ஐந்து மணிக்கு அந்த இரண்டு இடங்களும் பட்டியலில் அடுத்தவர்களுக்குப் போயின. அவர்கள் போனை வைக்கச் சொன்னார்களா, இடத்தை வைத்திருக்கச் சொன்னார்களா? அந்தப் பதிவுகளை அதற்குப் பிறகும் பலமுறை கேட்டுவிட்டேன். இன்னும் எனக்குத் தெரியவில்லை.