தரைக்குருவிக்கு ஒரு பந்தோபஸ்து

எங்கள் நிலத்தில் ஒரு குருவி இருக்கிறது. மரத்தில் உட்காராது, கரண்டுக் கம்பியில் உட்காராது, ஓட்டு இடுக்கில் கூடு வைக்காது. பிறப்பது, இரை பொறுக்குவது, உறங்குவது எல்லாமே வெறும் தரையில்தான். புத்தகத்தில் இதற்குச் சாம்பல்தலை வானம்பாடி என்று பேர் போட்டிருக்கிறது. எங்கள் பக்கம் தரைக்குருவி என்போம், அவ்வளவுதான். குற்றாலத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் குரங்கைப் படம் எடுப்பார்கள், மயிலைப் படம் எடுப்பார்கள். ஆலங்குளத்தைத் தாண்டினதும் ரோட்டோரத் தரிசில் இந்தக் குருவி அந்தரத்தில் வித்தை காட்டிக்கொண்டிருக்கும். ஒருத்தராவது கார்க் கண்ணாடியை இறக்கிப் பார்க்க வேண்டுமே! எனக்கு அதில் தீராத ஆத்திரம்.

நான் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவள். எத்தனையோ சீசனுக்கு ஐந்தருவியில் பந்தோபஸ்து பார்த்திருக்கிறேன். "ஆம்பளைய எல்லாம் இந்தப் பக்கம், பொம்பளைய அந்தப் பக்கம், எண்ணெய் தேச்சவுக பாறையில ஏறாதிய" என்று கத்திக் கத்தி, விசில் ஊதி ஊதி, என் தொண்டையே வேறு தொண்டையாகிவிட்டது. அதனால் விசில் விஷயத்தில் எனக்கு ஒரு ஞானம் உண்டு. தரைக்குருவி ஆண் அடிக்கிற விசில் இருக்கிறதே, அதற்கு முன்னால் நாங்கள் ஊதினதெல்லாம் வெறும் காற்று.

காலை வெயில் ஏறினதும் மண்கட்டி மேலிருந்து கிளம்பும். சிறகை விர்ரென்று அடித்து நேராக மேலே போகும். பனை உயரம் தாண்டினதும் சிறகை மடக்கிக்கொண்டு, போனது உயிர் என்று நாம் நெஞ்சைப் பிடிக்கிற மாதிரி தலைகீழாக விழும். விழும்போதுதான் அந்த நீள விசில். பாதி வழியில் சட்டென்று மேலே வளைந்து ஏறும், மறுபடி விழும், மறுபடி ஏறும். கடைசியில் ஒன்றுமே நடக்காததுபோல அதே மண்கட்டியில் வந்து உட்காரும். ஊர்க்குருவியைவிடச் சின்ன உடம்பு. தலை சாம்பல், கன்னம் வெளுப்பு, வயிறு முழுக்கக் கறுப்பு. பெண்ணுக்கு இந்தச் சோடனை ஒன்றும் கிடையாது, முழுக்க மண் நிறம். பக்கத்தில் பதுங்கியிருந்தால் மிதித்த பிறகுதான் தெரியும்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்காரர். மீசை முளைத்ததும் போனவர், மீசை நரைத்த பிறகுதான் ஒரேயடியாக வந்து சேர்ந்தார். வந்தவருக்கு இங்கே ஒரு வேலையும் ஓடவில்லை. அதிகாலையில் எழுந்து போர்வையை மூலைக்கு மூலை சேர்த்து மடித்து வைத்துவிட்டு, அடுத்து என்ன என்று என் முகத்தைப் பார்ப்பார். "வாங்க, நிலத்துக்குப் போவோம்" என்று கூட்டிக்கொண்டு போவேன். ஆலங்குளத்துக்கு மேற்கே செம்மண் காடு. சுற்றிலும் காற்றாலைகள் நிற்கின்றன. போன கோடையில் உளுந்து எடுத்து முடித்துத் தரிசாகக் கிடந்தது. சாரல் விழுந்ததும் சின்ன வெங்காயம் நடலாம் என்று இருந்தோம்.

கூட்டைக் கண்டுபிடித்தது நான்தான். கூடு என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். ஒரு மண்கட்டியின் நிழலில் உள்ளங்கை அளவுக் குழி, உள்ளே நாலு காய்ந்த புல், விளிம்பைச் சுற்றிப் பொடிக்கல் அடுக்கு. அதற்குள் பழுப்புப் புள்ளி போட்ட இரண்டு முட்டைகள். ஆணும் பெண்ணும் முறை மாற்றி உட்கார்ந்தன. நடுமத்தியானம், வெறுங்காலை வைத்தால் கொப்பளிக்கிற வெயிலில், அந்த ஆண் முட்டைக்கு மேல் நின்றுகொண்டு சிறகைக் கொஞ்சம் விரித்து நிழல் கொடுத்தது. வாயைத் திறந்து இளைத்துக்கொண்டு நின்றதே தவிர நகரவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "பாத்தியளா அந்த ஆம்பளைய! நம்ம மக பொறந்தப்ப நீங்க எங்க இருந்திய?" என்று கேட்டுவிட்டேன்.

விளையாட்டாகத்தான் கேட்டேன். ஆனால் அதில் விளையாட்டு இல்லாத ஒரு பங்கும் இருந்தது. பிள்ளை பிறந்தபோது அவர் பனிமலையில் இருந்தார். பிள்ளைக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது லீவில் வந்து கையை நீட்டினார். அது யாரோ என்னவோ என்று வீல் என்று கத்தி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நீட்டின கையை அவர் மெதுவாக மடக்கிக்கொண்டதை நான் இன்னும் மறக்கவில்லை. அவரும் மறக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "ஏட்டி, இந்தக் குஞ்சு பொரிக்கிற வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அதோடு பேச்சை முடித்துக்கொண்டு உடைமர நிழலில் போய் உட்கார்ந்தார்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் தரிசுக்கு உரம் வேண்டுமென்றால் ஆட்டுக்கிடை போடுவோம். கீதாரி, அதாவது கிடைக்குப் பொறுப்பான ஆட்டுக்காரர், சாயங்காலம் மந்தையை ஓட்டிவந்து நிலத்தில் வலை கட்டி அடைப்பார். ராத்திரி முழுக்க ஆடுகள் அங்கேயே படுத்தால் மண்ணுக்கு அதுதான் விருந்து. எந்த இடத்தில் கிடையைத் தொடங்க வேண்டும் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. நிலத்துக்காரர் ஒரு கம்பை நட்டு அதன் தலையில் துணியோ வேப்பங்குழையோ கட்டிவிட்டால் போதும். கீதாரி பார்ப்பார், அந்தக் கம்பிலிருந்து வலையைக் கட்டத் தொடங்குவார்.

முட்டையைப் பார்த்த அன்றைக்கே நான் கீதாரிக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, இப்ப வேண்டாம், நான் கம்பு நட்ட பொறவு வாங்க" என்று சொல்லியிருந்தேன். சொன்னதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. கிடை, கம்பு எல்லாம் இந்த மண்ணில் பிறந்தவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று இருந்துவிட்டேன். அவர் சின்ன வயதில் பார்த்தது வடக்கே போன இடத்தில் கரைந்து போயிருக்கிறது. அவர் என்ன செய்தார்? நான் குற்றாலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த அன்று, பாதுகாப்பைப் பலப்படுத்துகிறேன் என்று கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பை நட்டு, உச்சியில் சிவப்புத் துணியைக் கட்டியிருக்கிறார். பட்டாளத்தில் சிவப்புத் துணி பறந்தால் அங்கே கண்ணிவெடி, எவனும் கிட்ட வரமாட்டான். அந்த நம்பிக்கையில் மோட்டார் ரூமுக்குத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

சாயங்காலம் நான் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் நிலத்துக்கு மேலே செம்புழுதி கிளம்பியிருந்தது. எட்டிப் பார்த்தால் மந்தை. மந்தைக்கு முன்னால் சிவப்புத் துணி படபடக்கிறது. சீட்டை விட்டு எழுந்துவிட்டேன்.

"நிறுத்துங்க! ஏ கண்டக்டர் தம்பி, நிறுத்துங்க!"

"யக்கா, இங்கன ஸ்டாப் கிடையாது."

"ஸ்டாப்பு நான் போடுதேன், நீ நிறுத்து!"

கல்யாணப் பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் ஓடினேன். அங்கே என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மந்தைக்கு எதிரே நின்று, "ருக்கோ! ருக்கோ!" என்று அடித்தொண்டையில் கத்திக்கொண்டிருந்தார். நில்லு என்று சொல்லப் பதற்றத்தில் அவருக்கு இந்திதான் வந்திருக்கிறது. ஆலங்குளத்து ஆட்டுக்கு இந்தி தெரியுமா? அது பாட்டுக்கு அவரைச் சுற்றிக்கொண்டு போனது. நான் பழக்க தோஷத்தில் கைப்பைக்குள் கிடந்த விசிலை எடுத்து ஊதினேன். ஆடுகள் நின்றன. நின்று என்னைப் பார்த்துவிட்டு மறுபடி நடந்தன. ஐந்தருவிக் கூட்டமும் அப்படித்தான், விசிலுக்கு ஒரு நிமிஷம்தான் மரியாதை.

அப்படிப்பட்ட நேரத்தில் அருவியில் என்ன செய்வோம்? நடுவில் போய் நின்றுகொள்வோம். அதையே செய்தேன். கம்புக்குப் பக்கத்தில் போய், கூட்டைக் கண்ணால் தேடிப் பிடித்து, அதற்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்து நின்றேன். அப்போதுதான் பார்த்தேன். பெண்குருவி அந்த நேரம் வரை முட்டையை விட்டு எழுந்திருக்கவில்லை. புழுதி, குளம்புச் சத்தம், முன்ஆடு கைதொடும் தூரத்தில். மண்ணோடு மண்ணாகத் தலையைப் பதித்துக்கொண்டு கிடந்தது. என் கால் வந்த பிறகுதான் சிறகடித்துப் போனது. அம்மா தாயே! யூனிபாரம் போட்டு எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், இந்த நெஞ்சுரத்தை நான் பார்த்ததில்லை. ஆடுகள் என் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு பிரிந்து போயின. பட்டுச் சேலை போனது போனதுதான்.

கீதாரி பதறிப்போய் ஓடிவந்தார். "என்ன ஏட்டம்மா இது? கம்பு நட்டா வரச் சொன்னது நீங்கதான? துணி பறக்குதேன்னு ஓட்டிட்டு வாரேன்."

"ஒங்க மேல தப்பு இல்ல அண்ணாச்சி. கிடைய மேக்க ஓரத்துக்கு மாத்துங்க, பொறவு சொல்லுதேன்."

மந்தை மேற்கே நகர்ந்தது. என் வீட்டுக்காரர் கம்பைப் பிடுங்கித் துணியை அவிழ்த்தார். முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நானே கூப்பிட்டு விட்டிருக்கேன்" என்றார். வேறு நாளாக இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டியிருப்பேன். அன்றைக்கு மனசு வரவில்லை. இரண்டு பேரும் உடைமரத்துக்குப் போய் உட்கார்ந்து கூடு இருந்த திசையையே பார்த்தோம்.

"வருமாட்டி?"

"வரும். சும்மா இருங்க."

சும்மா சொன்னேன். பயந்த குருவி முட்டையைக் கைவிட்டுப் போவதும் உண்டு என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பொழுது மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியது. அவர் கை என் கைக்கு மேல் இருந்தது.

தரைக்குருவி ஒருநாளும் நேராகக் கூட்டில் வந்து இறங்காது. தள்ளி எங்கேயாவது இறங்கி, எலிபோலக் குடுகுடுவென்று ஓடும், நிற்கும், பொய்யாக எதையோ கொத்தும், வேறு பக்கம் ஓடும். யாருக்கும் வீட்டைக் காட்டிக் கொடுக்காது. அந்த ஓட்டத்தை முதலில் பார்த்தது அவர்தான். "அங்கன பாரு, அங்கன பாரு" என்று என் தோளை அமுக்கினார். மண்கட்டி மண்கட்டியாக ஒளிந்து ஓடி, குழிக்குப் பக்கத்தில் வந்து நின்று, சுற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே இறங்கி உடம்பைப் பரப்பி உட்கார்ந்தது. அவர் மூக்கை உறிஞ்சினார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அதிலே என்ன வெட்கம்?

மறுநாளிலிருந்து அவர் ஒரு நாள்கூட விடவில்லை. பிளாஸ்கில் காப்பி, தலைக்கு ஒரு துண்டு, பழைய பைனாகுலர். "வாரீயளா, ஆலங்குளம் வரைக்கும் போயிட்டு வருவோம்" என்று கூப்பிட்டால், "டூட்டி இருக்குல்லா" என்பார். எந்தக் குருவி எந்நேரம் உட்காருகிறது, எந்தப் பக்கம் காக்கா வருகிறது எல்லாம் அவருக்கு அத்துப்படி. ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு அதுதான் செய்தி வாசிப்பு. இவ்வளவு பேசுகிற மனுஷன் என்று கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரியாது.

ஒருநாள் காலை மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டதாகப் பேச்சு. நான் தென்காசி மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. காற்றாலையின் உய் உய் சத்தம், அதற்குள் அவர் குரல்.

"ஏட்டி, ஆணு வாயில முட்டை ஓட்டைக் கவ்விக்கிட்டுப் போயித் தூரமாப் போட்டுட்டு வருது. பாதி ஓடு. கிட்டப் போயி எட்டிப் பாத்தேன். ரெண்டும் பொரிச்சிட்டு. கண்ணு தொறக்கல, வாயை மட்டும் தொறக்குது."

"நெசமாவா?"

"நெசமாத்தான். நான் பக்கத்துலயே இருந்தேன்டி. முழுக்க இருந்தேன்."

அவர் போனை வைக்கவில்லை. காற்றாலைச் சத்தம் மட்டும் கேட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

காய்க்காரம்மா தராசை நிறுத்திவிட்டு, "என்னக்கா, அழுதிய? ஏதும் கெட்ட சேதியா?" என்றாள்.

"சீ, சீ. எங்க நெலத்துல தரைக்குருவி குஞ்சு பொரிச்சிருக்கு" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டுமே! பக்கத்துக் கடைக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னேன்.

"எங்க வீட்டுக்காரவுக கூடவே இருந்தாவ."