நடக்க வேண்டும் என்று கேட்டவள் நான்தான்

என் கணவர் மறுபடியும் எழுந்து நடக்க வேண்டும் என்று ஆறு மாதம் உபவாசமிருந்து ஜெபித்தேன். அவர் நடந்தார். அதற்குப் பிறகு ஒரு வருடம்கூட ஆகவில்லை, நடக்காமலே கிடந்திருக்கலாம் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். சபையில் நின்று சாட்சி சொன்னபோது இந்த ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டேன். அன்றிலிருந்து அது தொண்டையிலேயே நிற்கிறது. என்னோடு ஒரே விசுவாசத்தில் நடக்கிற உங்களிடம் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் எஸ்தர். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். அன்றைக்குக் காலை எட்டரைக்கே கடையில் இருந்தாக வேண்டும். என் கணவர் தேவதாஸ் கட்டட மேஸ்திரி. இரண்டு வருடத்துக்கு முன்னால் இரண்டாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தார். தலையில் அடி. பதினெட்டு நாள் நினைவில்லை. பிறகு மாதக்கணக்கில் படுக்கை. சபையார் முறை வைத்துக்கொண்டு வந்து ஜெபித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அவருக்குச் சட்டை மாட்டிவிடும்போது, கட்டிலைப் பிடித்துக்கொண்டு தானாகவே எழுந்து நின்றார். அன்றைக்கு ஆராதனையில் நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

ஆனால் நடக்கத் தொடங்கியவர் நிற்கவில்லை. வாசலுக்கும் பின்கட்டுக்குமாக நடப்பார். கதவு திறந்திருந்தால் தெருவுக்குப் போய்விடுவார். மூளையில் பட்ட காயத்தால் சிலருக்கு இப்படி இருப்புக்கொள்ளாமல் போகும், குறையலாம், குறையாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். பேச்சிலும் நாலைந்து வார்த்தைதான் மிச்சம். சத்தம் ஆகாது. குக்கர் விசில் அடித்தாலே காதைப் பொத்திக்கொள்வார். நான் வேலைக்குப் போகும்போது கேட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டு செல்வி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவேன். கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாலும் மனசு அந்தக் கேட்டில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். போன் அடித்தால் செல்வி அக்காவா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியே வந்த இஸ்ரவேல் ஜனங்கள் சமுத்திரத்தைக் கடந்ததும் தம்புரு அடித்து ஆடிப் பாடினார்கள். மூன்றே நாளில் தண்ணீர் கசக்கிறது என்று முறுமுறுத்தார்கள். பிறகு எகிப்துக்கே திரும்பிப் போய்விடலாம் என்றார்கள். சின்னப் பிள்ளையிலிருந்து கேட்ட கதை. எவ்வளவு நன்றிகெட்ட ஜனம் என்று நினைத்திருக்கிறேன். நானும் அந்த ஜனம்தான் என்று தெரிந்துகொள்ள, போன அக்டோபர் மாதத்துப் பௌர்ணமி வரவேண்டியிருந்தது.

அந்தப் பௌர்ணமி திங்கட்கிழமையில் வந்தது. நான் சரியாகத் தூங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. காலையில் இட்லித் தட்டை அவர் முன்னால் வைத்தேன். ஒரு வாய் தின்றுவிட்டு எழுந்து நடந்தார். உட்கார வைத்தேன். மறுபடியும் எழுந்தார். நாலாவது தடவை அவர் கால் பட்டுத் தட்டு கவிழ்ந்தது. அப்போதுதான் சொன்னேன்.

"நீங்க படுத்த படுக்கையாவே இருந்திருக்கலாம். நானாச்சும் நிம்மதியா இருந்திருப்பேன்."

அவர் நடப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். புரிந்ததா என்று இன்றுவரைக்கும் தெரியாது. நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்தக் கோபத்தில் கேட்டைப் பூட்டவில்லை.

பத்தரை மணிக்கு செல்வி அக்கா போன் செய்தார். வீட்டில் ஆளில்லை. பாதி டைப் அடித்த மனுவை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

பௌர்ணமி நாளில் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று வந்தவர்களுக்குத் தெரியும். மதியத்துக்கு மேல்தான் திதி என்றாலும் மலையைச் சுற்றிக் கிரிவலம் போகக் காலையிலிருந்தே பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் ஒரே பக்கமாக நடக்கிறார்கள். நடப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர் அந்தக் கூட்டத்தில் கலந்திருந்தால் எங்கே என்று தேடுவது. போலீஸ் பூத்தில் சொன்னேன். நீலக் கட்டம் போட்ட சட்டை, நெற்றியில் தையல் தழும்பு என்று மைக்கில் அறிவித்தார்கள். எங்கள் பாஸ்டர் வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். வண்டி போக வழியில்லை. இரண்டு பேரும் கிரிவலப் பாதையில் கூட்டத்தோடு நடந்தோம்.

எத்தனை நீலச் சட்டை! ஒவ்வொன்றின் பின்னாலும் ஓடினேன். தோளைத் தொட்டால் வேறு முகம் திரும்பும். மோர் கொடுக்கிறவர்கள், விபூதிக் கடைக்காரர்கள், ஆட்டோக்காரர்கள் என்று எல்லாரிடமும் போனில் இருந்த போட்டோவைக் காட்டினேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒரு அம்மா தன் தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்துவிட்டுப் போனார். கால் நடந்துகொண்டே இருந்தது. வாயும் ஜெபித்துக்கொண்டே இருந்தது. ஆனால் அது ஜெபமே இல்லை. நீரே நடக்க வைத்தீர், நீரே தொலைத்தும் விட்டீர் என்று கர்த்தரோடு சண்டைதான் போட்டுக்கொண்டிருந்தேன்.

அடி அண்ணாமலைக்கு வரும்போது மணி நாலு. மலையை முக்கால் சுற்று வந்துவிட்டோம். சாத்தியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்துவிட்டேன். பாஸ்டரும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் செருப்பு கடித்திருந்தது.

"எனக்கும் என்னானு ஜெபிக்கிறதுனு தெரியலக்கா" என்றார் அவர்.

அப்போதுதான் காலையில் நான் சொன்ன வார்த்தையை அவரிடம் சொன்னேன். அவர் புத்தி சொல்லவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. "அதையே ஆண்டவருகிட்ட சொல்லிடுங்கக்கா" என்றார்.

சொன்னேன். கூட்டம் போய்க்கொண்டிருக்க, அந்தப் படியிலேயே, வாய்விட்டுச் சொன்னேன். "ஆண்டவரே, நீங்க கொண்டுவந்து விட்ட இடம் எனக்குப் பிடிக்கல. திரும்ப எகிப்துக்கே போயிடலாம்னு கேட்டுட்டேன். மன்னிச்சிடுங்க. அவரு நடக்கட்டும். எவ்வளவு வேணா நடக்கட்டும். நான் கூட நடக்கிறேன். எங்க இருக்காருனு மட்டும் காட்டுங்க."

ஒரு குரலும் கேட்கவில்லை. அந்த நிமிஷம் எதிரில் இருந்த ஒலிபெருக்கி திடீரென்று அலறியது. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். பொத்திய கையோடு அப்படியே எழுந்துவிட்டேன். அவரும் இப்படித்தானே பொத்திக்கொண்டிருப்பார். இந்த மைக் சத்தத்திலும் கூட்டத்திலும் அவரால் எப்படி இருக்க முடியும். கூட்டத்தைத் தேடியா போயிருப்பார், கூட்டத்தை விட்டு அல்லவா ஓடியிருப்பார். ஐந்து மணி நேரம் அவர் இருக்கவே முடியாத இடத்தில் அவரைத் தேடியிருக்கிறேன்.

இஸ்ரவேலர் ஒரு மலையை வெகுநாள் சுற்றிக்கொண்டிருந்தபோது, சுற்றினது போதும், திரும்புங்கள் என்று கர்த்தர் சொன்னதாக வேதத்தில் வாசிக்கிறோம். எனக்கு அது அன்றைக்குத்தான் விளங்கியது. பாதையை விட்டு, மலைக்கு முதுகைக் காட்டி, வயல் பக்கம் போகிற முதல் மண் ரோட்டில் திரும்பினோம். நூறடி போனதும் சத்தம் குறைந்தது. இன்னும் போகப் போகக் காற்று மட்டும்தான்.

முதல் ரோட்டில் இல்லை. மூன்றாவது ரோட்டில், ஒரு பம்புசெட்டைத் தாண்டி, புங்கமரத்து நிழலில் ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்து வேர்க்கடலைச் செடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பிடுங்கிப் போட்ட செடிகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. அவர்கள் நடுவில் நீலக் கட்டம் போட்ட சட்டை.

அவர் உட்கார்ந்திருந்தார். மாதக்கணக்காக ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல உட்காராத மனிதர், செடியை எடுப்பதும் காயைப் பறித்துக் கூடையில் போடுவதுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் மண்ணில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார். ஒரு செடியை எடுத்து என் கையிலும் கொடுத்தார்.

அந்த நிலத்துக்காரப் பெண்ணின் பெயர் கன்னியம்மா. நடந்ததை அவர்தான் சொன்னார்.

"பன்னெண்டு மணி இருக்கும்மா. காதைப் பொத்திக்கினு வரப்புல வந்து நின்னாரு. பேரு கேட்டா சொல்லத் தெரியல. கால் ரெண்டும் கொப்புளம். கழுவி எண்ணெய் தடவுனேன், கூழு குடுத்தேன். மறுபடி போகப் பாத்தாரு. ஒரு செடிய கையில குடுத்தேன் பாரு, அப்பலேருந்து எழுந்திரிக்கவே இல்ல. யாராச்சும் தேடிக்கினு வருவாங்கனு தெரியும். அதான் போக விடல."

நாங்கள் கிளம்பும்போது கன்னியம்மா மற்றப் பெண்களுக்கு அளந்த அதே படியால் மல்லாட்டையை அளந்து ஒரு பையில் போட்டு நீட்டினார். நான் வேண்டாம் என்றேன். "நான் சும்மா குடுக்கல. இது அவரு ஆய்ஞ்ச கூலி" என்றார். என் கணவர் அந்தப் பையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். சாரத்திலிருந்து விழுந்த பிறகு அவர் கையில் வாங்கிய முதல் கூலி அது. வீடு வந்து சேரும்வரை அதை என்னிடம் கொடுக்கவே இல்லை.

நாற்பது வருடம் நடந்தும் அந்த ஜனங்களின் கால் வீங்கவில்லை என்று வாசிக்கிறோம். என் கணவரின் கால் வீங்கித்தான் இருந்தது. நான் பொய்ச் சாட்சி சொல்லமாட்டேன். ஆனால் வீங்கிய காலைக் கழுவ ஒரு கையைக் கர்த்தர் முன்கூட்டியே அங்கே வைத்திருந்தார். அது நம் சபைக் கையாகவும் இல்லை. இதைப் பற்றி நிறைய யோசித்தேன். கர்த்தருடைய மேகம் முன்னால் போய் வழிகாட்டியும்கூட, மோசே வேறு ஜனத்தைச் சேர்ந்த ஓபாப் என்கிற மீதியானியனிடம், வனாந்தரத்தில் எங்கே தங்கலாம் என்று உனக்குத் தெரியும், எங்களுக்குக் கண்ணாக இரு என்று வருந்திக் கேட்டான். நமக்குக் கண்ணாக இருக்கக் கர்த்தர் யாரையும் வைப்பார். கன்னியம்மா வீட்டு மாடத்தில் விளக்கு வேறு சாமிக்கு எரிகிறது. என் ஜெபத்துக்குப் பதில் அவர் நிலத்தில்தான் உட்கார்ந்திருந்தது.

என் கணவர் குணமாகிவிடவில்லை. இன்றும் நடக்கிறார். ஆனால் அந்த நடையை நிறுத்தும் என்று நான் இப்போது கேட்பதில்லை. விடிந்ததும் இரண்டு பேரும் ஏரிக்கரைப் பக்கம் ஒரு மணி நேரம் நடக்கிறோம். பிறகு முறத்தில் ஏதாவது போட்டு அவர் கையில் கொடுக்கிறேன். பூண்டு உரிப்பார், புளியில் கொட்டை எடுப்பார். கன்னியம்மா அறுவடைக்குக் கூப்பிட்டால் கூட்டிக்கொண்டு போகிறேன். சில நாள் இதெல்லாம் ஒன்றும் உதவாது. அவர் நடந்துகொண்டே இருப்பார், எனக்கும் உள்ளே கொதிக்கும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வரும். அப்போது இந்த ஒரு நாளுக்கு மட்டும் பெலன் தாரும் என்று கேட்கிறேன். வனாந்தரத்தில் வானத்து ஆகாரமான மன்னாவும் அன்றன்றைக்குத்தானே விழுந்தது. நாளைக்கென்று எடுத்து வைத்தவர்களுக்கு அது புழுத்துப்போயிற்று. நான் பல மாதம் அடுத்த வருடத்துப் பயத்தையெல்லாம் இன்றைக்கே சேர்த்துவைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் புழுத்துத்தான் நாறியது.

இதை வாசிக்கிற யாரோ ஒருவர், கேட்டு வாங்கிய ஆசீர்வாதத்தையே சுமக்க முடியாமல் இருக்கலாம். பிள்ளை வேண்டும் என்று அழுதவர் இன்றைக்குப் பிள்ளையால் அழுதுகொண்டிருக்கலாம். திரும்பிப் போய்விடலாம் என்று சொல்லியும் இருக்கலாம். சொல்லியிருந்தால் ஒளிக்காதீர்கள். அதையே அவரிடம் சொல்லுங்கள். முறுமுறுத்த ஜனத்துக்கும் மறுநாள் காலையில் அவர் ஆகாரம் கொடுக்காமல் விடவில்லை. என்னையும் விடவில்லை. உங்களையும் விடமாட்டார்.

இதற்கு மேல் உட்கார்ந்து எழுத முடியாது. அவர் எழுந்துவிட்டார். நானும் போகிறேன்.