அழகாக வெட்டிக் கெடுத்த விளிம்பு

போன மாசம் ஒரு திங்கட்கிழமை காலையில் நான் ரொம்ப சந்தோஷமாக ஒரு தப்பு செய்தேன். சந்தோஷமாகச் செய்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

நான் சொல்லச் சொல்ல இன்னொருத்தர் எழுதுகிற பத்தி இது என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு எழுத்து வராது. மண்வெட்டி வரும்.

ஊட்டிப் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானத்தில் இருபது வருஷத்துக்கு மேல் புல் வேலை. அங்கே பங்கர் என்று ஒன்று உண்டு — புல்லுக்கு நடுவே பள்ளம் தோண்டி மணல் கொட்டி வைப்பார்கள். பந்து அதில் விழுந்தால் ஆடுகிறவர் மாட்டிக்கொள்வார். அவர்களே தோண்டி, அவர்களே விழுந்து, அவர்களே திட்டிக்கொள்வார்கள்... பெரிய மனுஷர்கள் விவகாரம், நமக்கெதற்கு?

நம் விவகாரம் அதன் விளிம்பு. புல் முடிந்து மணல் ஆரம்பிக்கிற இடம். அதைச் சீவி நிறுத்துகிற என் கை, அதற்கு முன் குன்னூர் எஸ்டேட்டில் கவ்வாத்து வெட்டிய கை. தேயிலைச் செடியை மட்டம் பார்த்து வெட்டிப் பழகியவளுக்கு, எங்கே பிசிறு கண்டாலும் கை அரிக்கும்.

மருமகள் மல்லிகாவும் அங்கேதான். டெம்பரரி. அந்த மாசம் பர்மனென்ட் ஆக்குவதாக சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். ஏழாவது பங்கர் அவள் பொறுப்பு; என் வேலை மைதானத்தின் மறு கோடியில். அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல். அவளுக்குப் பதில் நான் போனேன்.

போய்ப் பார்த்தால், விளிம்பெல்லாம் பிய்ந்து கிடக்கிறது. புல் கொத்துக் கொத்தாக மணலுக்குள் தொங்குகிறது. ஆடு மேய்ந்த மாதிரி. அன்றைக்கென்று, மைதானத்தை மாற்றி அமைக்கிற வெளியூர் டிசைனர் வருகிறாராம். இந்த லட்சணத்தைப் பார்த்தால் மல்லிகாவைச் சோம்பேறி என்று சொல்ல மாட்டாரா?

ஒன்பது மணிக்குள் மொத்தத்தையும் வெட்டி நேராக்கினேன். நிமிர்ந்து பார்த்தேன். அப்படி ஒரு பெருமை!

டிசைனர் வந்தார். பார்த்ததும் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். காற்றும் மழையும் அரித்த மாதிரி இருப்பதுதான் இப்போது அழகாம். அவர் சொல்லித்தான் மல்லிகா ஒரு மாசமாகக் கையால் பிய்த்து, புல் நட்டு, அப்படி ஆக்கியிருந்தாளாம். வீட்டில் சொல்லவில்லையா என்பீர்கள். சொன்னாள், 'புல்லு வேலை' என்று. தொடக் கூடாது என்று ஷெட் கதவில் நோட்டீஸும் ஒட்டியிருந்ததாம். இங்கிலீஷில்.

"ஏனுங்கம்மா, உங்கள யாரு வெட்டச் சொன்னது?" என்றார் சூப்பர்வைசர்.

"வெட்டாம உட்டா திட்டுவீங்களேன்னுதானுங்க சார்."

மல்லிகாவின் பர்மனென்ட் 'அப்புறம் பார்க்கலாம்' ஆகிவிட்டது. தப்பு என்னுடையது, தண்டனை அவளுக்கு. வீட்டுக்கு வந்து சொன்னேன். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. துணி மடித்தபடியே சொன்னாள்:

"நீங்க வெட்டுனது நல்லாத்தான் இருந்திருக்குமுங்க அத்தை. அதுதானுங்களே இப்பத் தப்பு."

அப்புறம் நாங்கள் இரண்டு பேருமே உட்கார்ந்து அந்த விளிம்பை மறுபடி பிய்த்தோம். நேற்று டிசைனர் வந்து பார்த்தார். மனுஷர் கையே படாத மாதிரி இருக்கிறது என்று பாராட்டினார். போட்டோ எடுத்தார். எங்களைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொன்னார்.

மல்லிகா இன்னும் டெம்பரரிதான். கையே படாத வேலைக்கு யார் பர்மனென்ட் தருவார்கள்?