செத்த வீட்டு அடியும் எங்கள் ஹெவி ரொக்கும்

பேட்டி எடுக்க வருகிறவர்கள் எதையெதையோ கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார்கள். "உங்க மியூசிக்குக்கு இன்ஸ்பிரேஷன் யாரு?" எங்கள் கிட்டார்காரன் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து வெளிநாட்டு பேண்டுகளின் பெயர்களை ஒப்பிப்பான். ஒப்பிக்கட்டும். டவுனில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை அவன். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து போனில் அதையெல்லாம் கேட்டே வளர்ந்தவன். என் முறை வந்தால் நான் சொல்வது ஒன்றுதான்: செத்த வீடு. கேட்டவர் சிரிப்பார். நான் சிரிக்க மாட்டேன்.

நான் டிரம்ஸ் அடிக்கிறவள். என் அப்பா தப்பு அடிக்கிறவர். தப்பு என்றால் வட்டமான மரச்சட்டத்தில் மாட்டுத் தோலை இழுத்துக் கட்டிய பறை. வட்டகொடை ஊருக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் யார் செத்தாலும், மலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருக்கும் அப்பாவுக்குத்தான் முதலில் ஆள் வரும். கத்தியை வைத்துவிட்டு வருவார். பழைய பேப்பரைக் கொளுத்தி, அந்தச் சூட்டில் தோலைக் காட்டி முறுக்கேற்றுவார். பிறகு முதல் அடி விழும். லயத்து வரிசை வீடுகளின் கூரைத் தகரமே அதிரும். அதுவரை அழாமல் விறைத்து நின்ற ஆளும் அந்த அடியில் உடைந்துபோவார். ஹெவி என்றால் அதுதான் ஹெவி. அதற்கு மேல் எவனும் எனக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

பேண்டில் நாங்கள் நாலு பேர். கிட்டார்காரன், தேயிலை ஃபேக்டரியில் இலை அரைக்கும் மெஷினில் நின்ற பேஸ்காரன், பாடுவதற்கு என் சித்தி மகள், நான். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளை மடுவம் ஒன்று மூடிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பகலெல்லாம் அங்கேதான் பழகுவோம். நுவரெலியாவில் ஒரு ஹோட்டல்காரர் தூக்கிப்போட இருந்த டிரம் செட் எங்களிடம் வந்து சேர்ந்தது. அதில் பெரிய டிரம் ஒன்று கிழிந்து கிடந்தது. நான் வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவின் பழைய தப்பை எடுத்து வந்து, அந்த இடத்தில் கட்டித் தொங்கவிட்டு அடித்தேன். கிட்டார்காரன் வாசிப்பதை நிறுத்திவிட்டான்.

"ஏய், இத்தன நாளா இத எங்க ஒளிச்சி வெச்சிருந்த?"

"ஒளிக்கல. ஒங்க கண்ணுக்குத்தான் படல," என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் பாட்டுகள் மாறின. கொழும்பில் முதன்முதலாக ஒரு பெரிய மேடை கிடைத்தது. போய் இறங்கினால், கடற்காற்றின் ஈரத்தில் தோல் தொங்கிப்போய்க் கிடக்கிறது. கார் நிறுத்தும் இடத்தில் பேப்பரைக் கொளுத்தினேன். செக்யூரிட்டிக்காரர் தண்ணீர் வாளியோடு ஓடி வந்து, "மொக்கத மே கரன்னே?" என்று சிங்களத்தில் கத்தினார். என்ன செய்கிறேன் என்று விளக்குவதற்கு எனக்குத் தெரிந்த சிங்களம் போதும், பொறுமைதான் போதவில்லை. தப்பைத் தூக்கி ஒரு அடி அடித்துக் காட்டினேன். மனுஷன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை அடிக்கச் சொன்னார். அன்று மூன்று பாட்டு முடிந்தும் கூட்டம் எங்களை இறங்க விடவில்லை. பேட்டிகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

கொழும்பு கைதட்டினால் தோட்டமும் திரும்பிப் பார்க்கும். மாரியம்மன் திருவிழாவுக்கு வாசிக்கக் கேட்டு, கோயில் கமிட்டித் தலைவரே எங்கள் லயத்துக்கு வந்தார்.

"நம்ம தோட்டத்துப் புள்ளைங்க. மேடையேறி ஜம்முனு வாசிங்க. ஆனா அந்தத் தப்பு மட்டும் வேணாம்மா. சாமி மேடை. தப்பு கீழதான நிக்கணும்? இது நேத்து வந்த வழக்கமா?"

நேற்று வந்த வழக்கம் இல்லைதான். திருவிழாவில் காவடிக்கு முன்னால் தப்பு போகும். ஆனால் மேடை என்று வந்துவிட்டால், பக்கவாட்டில் அடித்திருக்கும் தகர மறைப்புக்கு வெளியே, மண்ணில்தான் நிற்க வேண்டும். சாப்பாடும் கடைசிப் பந்தியில். சாவு மேளம் என்பதெல்லாம் சும்மா சாக்கு. அடிக்கிறவன் எந்தச் சாதி என்பதுதான் சங்கதி. எல்லோருக்கும் தெரியும், ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

"அப்ப நாங்க வரல," என்றேன்.

அப்பா குறுக்கே விழுந்து, "வருவாங்க, தலைவருங்களே. நான் சொல்லிக்கிறேன்," என்று அவரை அனுப்பிவைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ அடிச்சிட்டு கச்சேரிக்கின்னு பஸ் ஏறிப் போயிருவ, பாப்பா. நாளைக்கி தண்ணி புடிக்கிற பீலியில இவங்களோட நிக்கப்போறது நாந்தான். ஒரு தடவையாச்சும் என் புள்ள அந்த மேடையில ஒக்காந்திருக்கிறத நான் பாக்கணும். தப்பு இல்லாட்டி என்ன இப்ப?"

அந்தக் கடைசிப் பேச்சில் நான் விழுந்துவிட்டேன். சரி என்றேன். என் வாயிலிருந்து வந்த சரிகளிலேயே கேவலமான சரி அது.

திருவிழா அன்று, பனி இறங்குவதற்கு முன் வாசித்து முடிக்க வேண்டும் என்று பகல் மூன்று மணிக்கே எங்களை ஏற்றிவிட்டார்கள். தப்பின் இடத்தில் இரவல் வாங்கிய பிளாஸ்டிக் டிரம் இருந்தது. என் மூலையிலிருந்து எட்டிப் பார்த்தால், மறைப்புக்கு வெளியே அப்பாவும் இன்னும் இரண்டு தப்புக்காரர்களும் தீயை வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. முதல் இரண்டு பாட்டும் சப்பென்று போயின. சனம் மரியாதைக்குக் கைதட்டியது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மூன்றாவது பாட்டில் ஓரிடம் உண்டு. எல்லா வாத்தியமும் நின்று, தப்பு மட்டும் தனியாக அடிக்க வேண்டிய இடம். நான் பிளாஸ்டிக் டிரம்மின் மேல் குச்சியை ஓங்கினேன். என் கை இறங்கும் முன்னே வெளியிலிருந்து அந்த அடி விழுந்தது. அப்பா! பிள்ளை மடுவத்து வாசலில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை நின்று கேட்டிருப்பாரோ, ஓர் அடி பிசகவில்லை. சனம் ஓவென்று கத்தியது.

தலைவர் மேடை விளிம்புக்கு ஓடிவந்து, மறைப்புக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கத்தினார். "டேய், நிறுத்துடா! ஒன்ன யாருடா அடிக்கச் சொன்னா?"

அப்பாவைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர் அவர். அப்பாவின் கை நின்றுவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

நான் மைக்கைத் தொடவில்லை. தொட்டிருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். சின்ன டிரம்மை ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினேன். கிட்டார்காரன் வயரை இழுத்துக்கொண்டு பின்னாலேயே குதித்தான். சித்தி மகள் மைக்கோடு வந்தாள். பேஸ்காரனின் வயர் மட்டும் எட்டவில்லை. அவன் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டான்.

அப்பாவுக்குப் பக்கத்தில் மண்ணில் டிரம்மை நட்டேன். "அடிங்கப்பா."

"வேணாம் பாப்பா. பிரச்சினையாயிரும்."

"ஆகட்டும். நீங்க அடிக்காட்டி இந்தப் பாட்டு முடியாது. நானும் இந்த எடத்த விட்டு அசைய மாட்டேன்."

அப்பா என்னைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். பிறகு தப்பைத் தீயில் காட்டினார். அவசரமே படவில்லை. திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் காட்டினார். அதன் பிறகு அடித்தார் பாருங்கள்! மற்ற இரண்டு தப்பும் சேர்ந்துகொண்டன. கிட்டார் அதற்கு மேல் ஏறியது. சனம் மேடைக்கு முன்னாலிருந்து எழுந்து மறைப்பைச் சுற்றி ஓடிவந்து, எங்களைச் சூழ்ந்து நின்று ஆடத் தொடங்கியது. மேடையில் கமிட்டிக்காரர்களும் அவர்களுடைய நாற்காலிகளும்தான் மிச்சம்.

பாட்டு முடிந்ததும் தலைவர் மறைப்பின் மேல் தலையை நீட்டினார். முகம் இறங்கிப்போயிருந்தது.

"சரி, சரி, எல்லாரும் மேல வாங்க. தப்பையும் கொண்டாந்து தொலைங்க. இங்கேருந்து ஒண்ணும் தெரியல."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அந்த மனிதரிடம் அப்பா எதிர்த்து ஒரு சொல் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றும் மரியாதையாகத்தான் பேசினார்.

"தெரியலைன்னா நீங்க எறங்கி வாங்க, தலைவருங்களே."