முருகேசண்ணே ஜீப்புல பாடாத பென் டிரைவ்

எஸ்டேட்டுக்கு நாங்க போற முருகேசண்ணே ஜீப்புல என் பென் டிரைவ் பாடவே மாட்டேன்னுச்சு. லேப்டாப்புல மட்டும் ஜம்முனு பாடும்.

நேத்து யூடியூப் பார்த்துக் கண்டுபிடிச்சிட்டேன்! நான் அதை என்.டி.எஃப்.எஸ் முறையில ஃபார்மட் பண்ணியிருக்கேன். ஜீப் பிளேயருக்கு ஃபேட் 32 மட்டுந்தான் வாசிக்கத் தெரியுமாம்.

போடிமெட்டு தாண்டிக் கேரளாவுக்குள்ள போனா போர்டெல்லாம் மலையாளம். ஊரு அங்கனதான் இருக்கும், நமக்குத்தான் வாசிக்கத் தெரியாது. அதே கதை!

மாத்தி ஃபார்மட் பண்ணி, போன்ல இருந்த ஆடியோ மொத்தத்தையும் அள்ளிப் போட்டு, இன்னைக்குக் காலையில சொருகுனேன்.

"இன்னைக்காச்சும் பாடுமா ஆத்தா?"ன்னார் அண்ணே.

பேசுச்சு!

முதல்ல காப்பி ஆன ஃபைலைத்தான் அந்த பிளேயர் முதல்ல எடுக்குமாம். அது என் தங்கச்சிக்கு அனுப்ப நான் பேசி வச்சது.

"இந்த முருகேசண்ணே வளைவுல ஓட்டுற ஓட்டுக்குக் குடலு வாய்க்கு வருதுடி!"

ஜீப்பே சிரிச்சுக் குலுங்குச்சு. அண்ணே மிச்ச வளைவெல்லாம் மாட்டுவண்டி கணக்கா ஓட்டுனார்.

இறங்கும்போது கேட்டார், "ஆத்தா, இப்ப குடலு எங்கன இருக்கு?"

பென் டிரைவைத் தர மாட்டேங்குறார். மிச்சத்தையும் கேக்கணுமாம்.

எங்கிட்ட வாய்ஸ் மெசேஜ் வாங்குனவங்கல்லாம், அவரைப் பத்தி வேற என்னென்ன சொல்லியிருக்கேன்னு வெரசா சொல்லுங்கப்பா!