பின் ஆக்சிலும் சுறா எண்ணெயும்

"ஏலே சொடல, பிரேக்க மிதிக்கேன், வண்டி அது பாட்டுக்குப் போவுது! திருநெல்வேலி ரோட்டுல ஒரு மாட்டு வண்டிக்குள்ள போய்ச் செருகியிருப்பேன்!"

பொன்னையா அண்ணாச்சி என் வீட்டு வாசலில் நின்று கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. திருச்செந்தூருக்கும் திருநெல்வேலிக்கும் டாக்சி ஓட்டுபவர். பின் சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் டிரம்முக்குள் ஒரே ஆயில். ஆக்சில் ஷாப்ட் வழியாகக் கசிந்து பிரேக் லைனிங்கை நனைத்திருந்தது. ஆயிலைத் தடுக்க நான் போட்ட சீல்தான் விட்டுப்போயிருந்தது.

"இன்னொரு தடவ ஒழுகுச்சு, வண்டிய சவரிட்ட விட்டுருவேன், பாத்துக்கோ" என்றார் அண்ணாச்சி.

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. சவரிமுத்துவும் நானும் ஒரே ஒர்க்‌ஷாப்பில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். உலக யுத்தத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் வரத்து நின்று ஒர்க்‌ஷாப்பை மூடிய பிறகு, இரண்டு பேரும் அவரவர் வீட்டிலேயே வேலை பார்த்தோம். அவன் வாசலில் வண்டிகள் வரிசையில் நிற்கும். எனக்கு நிலையாக வந்தது அண்ணாச்சி வண்டி ஒன்றுதான். அதுவும் போனால் ஸ்பானரை மூட்டை கட்டிவிட்டு உப்பளத்துக் கூலிக்குத்தான் போக வேண்டும். அவனிடம் அப்படி என்ன இருக்கிறது? என் கை அவன் கையைவிடச் சுத்தம். இன்றைக்கும் அதைச் சொல்வேன்.

புல்லர் போட்டு ஹப்பை இழுத்தேன். இரண்டு ஷாப்ட்டையும் உருவி மண்ணெண்ணெயில் கழுவினேன். உப்புத் தண்ணீர் ஏறிய பேரிங் சொரசொரவென்று சுற்றியது. வேறு வண்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த பேரிங்கைப் போட்டேன். சீல் உராயும் இடத்தில் ஷாப்ட்டில் வரி விழுந்திருந்தது. எமரி பேப்பரால் வழவழப்பாகும்வரை தேய்த்தேன். சீலுக்கு மட்டும் வழியில்லை. கம்பெனி சீல் கிடைக்காத காலம். தோலை வட்டமாக வெட்டி, தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு மாட்டுவேன். நாலு நாள் ஓட்டத்தில் அது விறைத்து ஒழுக ஆரம்பித்துவிடும். சவரி மாட்டிய சீல் மட்டும் ஏன் ஒழுகவில்லை?

டாக்சி ஸ்டாண்டில் அவன் வேலை பார்த்த வண்டி ஒன்று நின்றது. பின் சக்கரத்தருகே குந்தி, டிரம்மைச் சுற்றித் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. பற்றிக்கொண்டு வந்தது. ஏதோ வாடை அடித்ததால் மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன்.

"என்னலே, நாய் கணக்கா சக்கரத்த மோந்துக்கிட்டு இருக்க?"

பின்னால் சவரி. கூட நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"சுறா எண்ணெ லே. எங்க மாமா வீட்டுல காச்சுதாவ. தோல அதுல ஊறப்போடு, வெறைக்காது. ஒரு போத்தல் தாரேன், எடுத்துட்டுப் போ" என்றான்.

ஒளித்து வைத்திருந்தாலாவது என் மனம் ஆறியிருக்கும். கேட்காமலே சொல்லிவிட்டான். அந்தத் தாராளத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "ஒன் எண்ணெய நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் கடற்கரைக்குப் போய், அவன் மாமா வீட்டைத் தவிர மற்ற வீடுகளிலெல்லாம் கேட்டு, சுறா எண்ணெய் வாங்கினேன்.

தோல் ஊறி மெத்தென்று ஆனது. அதன் விளிம்பு உள்பக்கம் பார்க்க மாட்டி, ஷாப்ட்டைச் செருகி, ஹப்பை ஏற்றி நட்டை முடுக்கினேன். வீடு முழுக்க மீன் கவிச்சி. என் வீட்டுக்காரி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இளைய மெக்கானிக்குகளுக்கு ஒன்று சொல்வேன். பொறாமை வந்தால் வீட்டில் உட்கார்ந்து புழுங்காதீர்கள். எதிராளி பார்த்த வேலையைப் போய்த் தொட்டுப் பாருங்கள். திட்டிக்கொண்டே பார்த்தாலும் பரவாயில்லை, தொழில் வந்துவிடும். பொறாமை போய்விடுமா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

அண்ணாச்சி திருச்செந்தூருக்குப் பல நடை போய் வந்த பிறகு டிரம்மைக் கழற்றிக் காட்டினேன். உள்ளே காய்ந்து கிடந்தது. அவருக்கு வாயெல்லாம் பல். வண்டியை இனி வேறு யாரிடமும் விடமாட்டேன் என்றார். என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"இப்பத்தாம்ல ஒன் வேல சவரி வேல மாதிரி இருக்கு!"

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.