சொல்லிவிட்டு வந்த அரசாங்கம்

மொன்றியலில் இத்தனை பனிக்காலங்கள் கழிந்தும் எனக்குப் பழகாத ஒன்று, இங்குள்ள அரசாங்கம் தொலைபேசியில் பேசும் விதம். ஒரு மார்ச் மாதக் காலையில் ஒரு பெண்குரல் என்னை அழைத்து, வட்டாரச் சமூக சேவை நிலையத்திலிருந்து பேசுவதாகச் சொன்னது. ஒரு வீட்டைப் பார்வையிட வர வேண்டும், செவ்வாய்க்கிழமை வசதிப்படுமா, அல்லது வியாழன் நல்லதா என்று கேட்டது. நான் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். என் பிரெஞ்சில் எனக்கு நம்பிக்கை உண்டு. நம்ப முடியாமல் இருந்தது செய்திதான். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் செய்தியாளராக இருந்த காலம் முழுவதும், ஒரு வீட்டுக்கு வருவதற்கு அரசாங்கம் அந்த வீட்டாரின் வசதியைக் கேட்டதாக நான் ஒரு வரிகூட எழுதியதில்லை.

குரல் தேடியது என்னை அல்ல. வில்லரேயில் நான் குடியிருக்கும் கட்டடத்தில், எனக்குக் கீழே இரண்டாம் மாடியில் இருக்கும் ஜெசிந்தாவை. மன்னாரிலிருந்து கணவர் யேசுதாசனோடு வந்தவள். பிரெஞ்சு இன்னும் வாய்க்காததால் என் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்திருந்தாள். யேசுதாசன் லாசாலில் ஒரு பண்டகசாலையில் பெட்டி தூக்கும் வேலை செய்தவர். முதுகின் கீழே நாரி விட்டுப்போய் மாதக்கணக்காக வீட்டில் கிடந்தார். மகள் அனிற்றாவுக்கு மூன்று வயது. நடக்கத் தெரியாது, ஓட மட்டுமே தெரியும். ஜெசிந்தாவுக்குக் குடிவரவாளருக்கான முழுநேரப் பிரெஞ்சு வகுப்பில் செப்டெம்பருக்கு இடம் கிடைத்திருந்தது. மொழி வந்தால் முதியோரைப் பராமரிக்கும் படிப்பு, படிப்பு முடிந்தால் வேலை. எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றன. அடியில் இருந்தது ஒரே கேள்வி: பகலில் அனிற்றாவை யார் பார்ப்பது? கார்தெரி என்று இங்கே சொல்லப்படும் குழந்தைகள் காப்பகங்களில், செலவின் பெரும்பங்கை அரசாங்கம் ஏற்றுக்கொண்டு பெற்றோரிடம் நாளுக்கு ஏழு டொலர் மட்டும் வாங்கும் இடங்கள் உண்டு. அதனாலேயே பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே பெயர் பதிந்துவிடுகிறார்கள். ஆனால் இக்கட்டில் இருக்கும் குடும்பங்களுக்கென்று சில இடங்களை ஒதுக்கியும் வைத்திருக்கிறார்கள். ஜெசிந்தாவின் குடும்பம் இக்கட்டில் இருக்கிறதா என்று நேரில் பார்த்துச் சொல்லத்தான், இசபெல் என்ற அந்தப் பெண் வருவதாக இருந்தது.

ஊரில் உதவி என்பது நாங்கள் தேடிப் போவது. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் நிவாரண அட்டைக்காக கிராம அலுவலரான விதானையாரின் கந்தோர் வாசலில் நின்ற வரிசைகளைப் பற்றி நான் பலமுறை எழுதியிருக்கிறேன். அந்த வரிசைக்கு எழுதப்படாத ஒரு உடை ஒழுங்கு இருந்தது. பெண்கள் தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வருவார்கள். ஆண்கள் இருப்பதில் பழைய சேட்டைத் தேடிப் போடுவார்கள். கந்தோரில் இல்லாமையைக் காட்ட வேண்டும். அதே விதானையார் பின்னேரம் ஏதோ அலுவலாக வீட்டுப் படலையைத் திறந்தால், அதே பெண் தோட்டை மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டில் சீனி வாங்கித் தேநீர் கொடுப்பாள். வாசலைத் தாண்டியவர் விருந்தாளி. விருந்தாளிக்கு முன்னால் குறை பேசக் கூடாது. இந்த இரண்டு விதிகளும் எங்கள் ஊரில் ஒருபோதும் மோதிக்கொண்டதில்லை. உதவி கொடுக்கும் அரசாங்கம் வீடு தேடி வந்ததில்லை என்பதுதான் காரணம். வீடு தேடி வந்த அரசாங்கம் வேறு. அது சப்பாத்தோடு உள்ளே வந்தது.

இசபெல் வரும் செய்தி கட்டடத்தில் பரவியதும் மூன்றாம் மாடி பிலோமினா மாமி பொறுப்பை எடுத்துக்கொண்டார். எங்கள் தேவாலயப் பங்கில் திருமணம், செத்தவீடு இரண்டையும் நடத்தித் தருபவர் அவர்தான். "மடாமைக் கொண்டுவந்து வெறும் நிலத்திலயே இருத்தப் போறாய்?" என்று ஜெசிந்தாவைக் கேட்டார். அவருடைய சோபா படியிறங்கி வந்தது. கண்ணாடிப் பொம்மைகள் நிறைந்த அலுமாரி வந்தது. எதிர்வீட்டிலிருந்து திரைச்சீலை வந்தது.

"உந்த மெத்தையைத் தூக்கி என்ர அறைக்குள்ள போடு. நிலத்தில படுக்கிறனீங்கள் எண்டு வெள்ளைக்காரி நினைக்கப் போறாள்."

"நிலத்திலதானே மாமி படுக்கிறம்."

"அது எங்களுக்குத் தெரிஞ்சால் காணும்."

செவ்வாய்க்கிழமை காலை நான் போனபோது, யேசுதாசன் நாரிப் பட்டியைக் கழற்றிவிட்டு, தேவாலயத்துக்குப் போகும் சேட்டோடு சோபாவில் நிமிர்ந்து இருந்தார். அவர் முகத்தைப் பார்த்த எவருக்கும் அந்த நிமிர்வின் விலை தெரிந்திருக்கும். "பட்டியைப் போடுங்கோவன் அண்ணை," என்றேன். "சும்மா இருங்கோ அக்கா. வந்த ஆளுக்கு முன்னால நோயாளி மாதிரிக் கிடக்கிறதே?" என்றார்.

இசபெல் வாசலில் குனிந்து பனிச் சப்பாத்தைக் கழற்றினார். ஒற்றை விரல் ஓட்டை விழுந்த காலுறையோடு, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, இதை எங்கே வைக்கலாம் என்று கேட்டார். குசினிக்குள் கூடி நின்ற கட்டடத்துப் பெண்கள் எல்லோரும் கதவோரம் வந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு இசபெல் மேசையைப் பார்த்தார். பற்றீஸ், றோல்ஸ், இரண்டு நிறத்தில் ரிபன் கேக். "இன்று யாருக்குப் பிறந்தநாள்?" என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். "ஒருத்தருக்கும் இல்லை. மடாம் வந்ததே எங்களுக்குப் பெருநாள் எண்டு சொல்லு பிள்ளை," என்றார் மாமி. சொன்னேன். இசபெலின் கன்னம் சிவந்தது.

கேள்விகள் தொடங்கின. வீட்டில் எது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டார். ஜெசிந்தா மாமியைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். "ஒரு குறையும் இல்லை. கர்த்தர் புண்ணியத்தில நல்லா இருக்கிறம்." பகலில் மகளை உங்களால் பார்த்துக்கொள்ள முடியுமா என்று யேசுதாசனைக் கேட்டார். "ஓம் ஓம், அதில என்ன பிரச்சினை?" என்றார் யேசுதாசன், நெற்றியில் வேர்வையோடு. உதவிக்கு ஆட்கள் உண்டா என்ற கேள்விக்குக் குசினியே பதில் சொன்னது: "நாங்கள் எல்லாரும் இருக்கிறம்தானே!" சொல்லப்பட்டதைச் சொல்லப்பட்டபடி மொழிபெயர்ப்பது என் வேலை, செய்தேன். நீங்கள் நல்ல மனிதர்களால் சூழப்பட்டிருக்கிறீர்கள் என்று சொல்லி, பற்றீஸ் செய்முறையையும் கேட்டு எழுதிக்கொண்டு இசபெல் விடைபெற்றார். "பாத்தியே, நல்லாப் பிடிச்சிட்டுது. இனி இடம் எங்கட கையில," என்று மாமி சோபாவை மேலே கொண்டுபோக ஆள் கூப்பிட்டார்.

அந்த வாரம் நியூ ஜேர்சியில் இருக்கும் என் தங்கையோடு பேசினேன். முதல் பிள்ளையைப் பெற்று, தையல் சரியாக ஆறுமுன்பே வேலைக்குத் திரும்பியவள். சம்பளத்தோடு விடுப்புக் கொடுக்கும்படி அங்கே நாடு முழுவதற்குமான சட்டம் எதுவும் இல்லை. அவளுடைய பக்கத்து வீட்டில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஓர் அமெரிக்கப் பெண் இருந்தாள். அரசாங்க உதவி வேண்டுமென்றால் வேலைக்குப் போ என்று சட்டம் அவளுக்குச் சொன்னது. பிள்ளையை விடும் இடத்துக்கான உதவியோ காத்திருப்பில் இருந்தது. இங்கே பிள்ளை பெற்றவர்களின் விடுப்புக்கென்று மாகாணம் தனிக் காப்புறுதியே தொடங்கியிருப்பதைச் சொன்னேன். தங்கை நம்பவில்லை. "சும்மா குடுப்பாங்களே அக்கா? எங்கயோ பிடிப்பாங்கள்."

"பிடிக்கிறாங்கள்தான், வரியில. ஆனால் பிடிச்சதை எங்க வைக்கிறாங்கள் எண்டு கண்ணுக்குத் தெரியுது."

"இங்க பிள்ளை எங்கட சொந்த விசயம். அங்க அது ஏதோ றோட்டு, தண்ணிக் குழாய் மாதிரி ஊர் விசயம் போல," என்றாள். இரண்டு நாடுகளின் குடும்பக் கொள்கையை இதைவிடச் சுருக்கமாக எந்தத் தலையங்கத்திலும் நான் படித்ததில்லை.

ஆனால் இசபெலின் அடுத்த அழைப்பு என் வாயை அடைத்தது. தகப்பன் வீட்டில் இருக்கிறார், உறுதியான சுற்றம் இருக்கிறது, வீடு நல்ல நிலையில் இருக்கிறது. ஆகவே ஒதுக்கிய இடம் இந்தக் குடும்பத்துக்கு இல்லை, பொது வரிசையில் காத்திருக்க வேண்டும் என்றார். சந்தோசமான செய்தியைச் சொல்பவரின் குரலில்தான் சொன்னார். அவரில் பிழையில்லை. நாங்கள் காட்டியதைத்தான் அவர் கண்டார். பொது வரிசை செப்டெம்பருக்குள் நகராது என்பது எல்லோருக்கும் தெரியும். "என்ன மனுசியப்பா! அவ்வளவு பற்றீஸும் திண்டிட்டுப் போனவள்!" என்று மாமி கொதித்தார். யேசுதாசன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அடுத்த நாள் ஜெசிந்தா என் கதவைத் தட்டினாள்.

"அக்கா, மடாமுக்குப் போன் அடியுங்கோ. திரும்ப வரச் சொல்லுங்கோ. ஆனால் எப்ப எண்டு எங்களுக்குச் சொல்லக் கூடாது."

சொல்லாமல் போவது எங்கள் வழக்கமில்லை, அது மரியாதையுமில்லை என்று இசபெல் மறுத்தார். அதைச் சொன்னதும் ஜெசிந்தா தொலைபேசியை நோக்கித் தமிழிலேயே பேசினாள்: "சொல்லிப்போட்டு வந்தால் நாங்கள் சமைப்பம் மடாம். எங்களால சமைக்காமல் இருக்க ஏலாது. சொல்லாமல் வாங்கோ." மொழிபெயர்த்தேன். பிறகு, எந்த வாரம் என்று மட்டும் சொல்வதாகவும், நாளைச் சொல்வதில்லை என்றும் இசபெல் ஒப்புக்கொண்டார். அந்தச் சிறிய நெகிழ்வைக் குறித்து வைக்க விரும்புகிறேன். சட்டப் புத்தகங்களில் இருக்கும் கொள்கை வேறு. ஒரு அலுவலர் தன் வழக்கத்தை ஒரு தாய்க்காக வளைக்கும் இடத்தில் நடப்பது வேறு. இரண்டும் இருந்தால்தான் ஒரு நாடு தன் குடும்பங்களைத் தாங்குகிறது என்று சொல்ல முடியும்.

மே மாதத்தில் ஒரு முற்பகல் இசபெல் வந்து, கீழிருந்து என்னை அழைத்தார். நான் மேலிருந்து இறங்கிப் போனபோது வீடு வீடாக இருந்தது. மெத்தை நிலத்தில். யேசுதாசன் பட்டியோடு அதன்மேல். ஜெசிந்தா குசினியில் சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். இசபெல் மெத்தையின் ஓரத்தில், நிலத்திலேயே உட்கார்ந்தார். முதல் கேள்வியைக் கேட்பதற்குள் அனிற்றா கதிரையை யன்னலுக்கு இழுத்துப்போய், அதன்மேல் ஏறி, திறந்திருந்த யன்னலுக்கு வெளியே இடுப்புவரை எட்டிவிட்டாள். "பிள்ளை! இறங்கு பிள்ளை!" என்று யேசுதாசன் கத்தினார். ஒரு கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். உடம்பு வரவில்லை. காலுறையோடு ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கியது இசபெல்தான்.

பிள்ளை இசபெலின் தோளில் இருந்தபடி அவருடைய காதணியை இழுத்துப் பார்த்தாள். நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யேசுதாசன் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "சொல்லுங்கோ அக்கா. என்ர பிள்ளையைத் தூக்க எனக்கு ஏலாது எண்டு சொல்லுங்கோ. அண்டைக்கு நான் சொன்னது பொய். ஒவ்வொரு நாளும் இதுதான்." ஒரு மனிதர் தன் வீட்டுக்குள், விருந்தாளிக்கு முன்னால், தன் குறையைத் தானே சொன்னார். எங்கள் ஆட்கள் அதற்கு எவ்வளவு தூரம் நடந்து வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். இசபெலுக்கு அது தெரியாது. ஆனாலும் அவர் பிள்ளையை மெல்ல இறக்கித் தகப்பனின் பக்கத்தில் இருத்தினார்.

ஜூன் மாதத்தில் இடம் கிடைத்தது. பிலோமினா மாமி கட்டடம் முழுவதும் கேட்கச் சிரித்தார். "ஒரு பற்றீஸ்கூடக் குடுக்காமல் எடுத்திட்டாளடி!" செப்டெம்பரில் ஜெசிந்தா ஒரு கையில் பிள்ளையையும் தோளில் புத்தகப் பையையும் கொண்டு வீதியில் இறங்கியதை, அலுவலுக்குப் போகும் அவசரத்திலும் யன்னலில் நின்று பார்த்தேன். கார்தெரி வாசலில் மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். "அழுவாள் எண்டு கண் துடைக்க லேஞ்சி கொண்டு போனனான் அக்கா. எனக்குத்தான் தேவைப்பட்டது," என்று அன்று மாலை சொன்னாள். குளிர் முடிவதற்குள் அனிற்றா படிக்கட்டில் எதிர்ப்படுபவர்கள் எல்லோருக்கும் "போன்ஜூர்" சொல்லத் தொடங்கியிருந்தாள். மாமிக்கு அதைச் சொல்லி, பதிலுக்கு அதே சொல் வரும்வரை வழிவிட மாட்டாள்.

இந்த ஜூனில் பிரெஞ்சு வகுப்பின் கடைசி நாளுக்கு என்னையும் அழைத்தார்கள். மொழிபெயர்க்கத் தேவைப்படும் என்று நினைத்துத்தான் போனேன். யேசுதாசன் பட்டியோடு, கைத்தடியோடு கடைசி வரிசையில் இருந்தார். அனிற்றா அவர் பக்கத்துக் கதிரையில் முழங்காலிட்டு, அவர் காதுக்குள் வாயை வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மாணவராக எழுந்து இரண்டு வார்த்தை பேச வேண்டும். ஜெசிந்தா எழுந்தாள். கையில் தாள் இல்லை. மொன்றியல் தீவுக்கு வெளியே, ஆற்றின் மறுகரையில் இருக்கும் லொங்குய்யில் முதியோர் பராமரிப்புப் படிப்புக்கு இடம் கிடைத்திருப்பதைச் சொன்னாள். கைதட்டினார்கள். "ஆற்றைக் கடந்து படிக்கப் போகிறாயா, பாலங்களின் நிலைமை தெரியாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள்," என்று நிதானமான பிரெஞ்சில் தொடர்ந்தாள். "எனக்கு அது புதிதில்லை. நான் பிறந்ததும் ஒரு தீவில்தான். அங்கேயும் பாலம் எப்போதும் பழுது."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். மன்னாரில் அந்தப் பாலம் போரில் எப்படிப் பழுதானது என்பது அந்த மண்டபத்தில் எங்கள் மூவருக்கு மட்டுமே தெரியும். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அனிற்றா தாய் பேசியதைத் தகப்பனின் காதுக்குள் தமிழில் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள், அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக. எல்லோரும் சிரித்து ஓய்ந்து, அடுத்த மாணவர் எழுந்துகொண்டிருந்த நேரத்தில், கடைசி வரிசையிலிருந்து யேசுதாசன் தனியாக, உரத்து, நாரி நோகச் சிரித்தார்.